மான்டரேயில் திமிங்கலம் பார்ப்பது எப்படி: காலையில் படகு, மறுநாள் மணல்மேடு

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் இருக்கும் நாம், ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் அழைத்துப்போக ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். லிவர்மோர் கோயில், கோல்டன் கேட், யோசெமிட்டி, நேரம் இருந்தால் மான்டரே. மான்டரே போனாலும் அக்வேரியத்தில் பாதி நாள், பதினேழு மைல் டிரைவில் பாதி நாள் என்று முடித்துவிட்டு இருட்டுவதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். சான் ஹோசேயிலிருந்து ஒன்றேகால் மணி நேர ஓட்டத்தில் இப்படி ஒரு கடல் இருக்கிறது, வருடத்தில் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு வகைத் திமிங்கலம் அங்கே இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்து போனவர்களிலும் பாதிப் பேர் "ஒரே வாந்தி, ஒன்றும் பார்க்கவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மாமனாருக்குக் குலசேகரன்பட்டினம் பக்கம். 2016 ஜனவரியில் ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கியது நினைவிருக்கும். மீனவர்கள் இழுத்துக் கொண்டுபோய்க் கடலில் விட, பல திரும்பத் திரும்பக் கரைக்கே வந்து விழுந்தன. அன்றைக்கு மாமா அந்தக் கரையில் நின்றவர். இங்கே வந்த முதல் வாரமே, "கடலோரத்துலயே பொறந்து வளந்தேன் மாப்ளே, உசுரோட நீந்துற திமிங்கலத்தப் பாத்ததே இல்ல" என்றார். சரி, இந்த வாரமே போய்விடலாம் என்று எதையும் விசாரிக்காமல் ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிப் படகுக்கு டிக்கெட் எடுத்தேன். காற்று அடித்த அடியில் அத்தை மூன்று மணி நேரமும் கண்ணையே திறக்கவில்லை. மாமா கம்பியைப் பிடித்தபடி நின்றார், தூரத்தில் இரண்டு தடவை வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அலை நுரையா திமிங்கலமா என்று தெரியாமலே திரும்பினோம். அதற்கப்புறம் பல தடவை போய்விட்டோம். முதல் தடவையே தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

எந்த மாதம், எந்த நேரம்

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மான்டரே வளைகுடாவின் நடுவில், கடலுக்கு அடியில், கிராண்ட் கேன்யனோடு ஒப்பிடக்கூடிய ஆழத்தில் ஒரு பள்ளத்தாக்கு ஓடுகிறது. அதன் தலைப்பகுதி மாஸ் லேண்டிங் துறைமுகத்து வாசலிலேயே தொடங்குகிறது. வேறு கடற்கரைகளில் இவ்வளவு ஆழத்தைப் பார்க்கப் பல மணி நேரம் படகில் போக வேண்டும், இங்கே கரையிலிருந்து பார்க்கும் தூரத்திலேயே இருக்கிறது. வசந்த காலத்தில் வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையை விட்டு ஒதுக்கித் தள்ள, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே வருகிறது. அதில் மிதவை உயிர்கள் பெருகும், அதைத் தின்னக் கிரில் என்ற சின்ன இறால் வகையும் நெத்திலியும் வரும், அவற்றைத் தின்னத் திமிங்கலம் வரும். நம் ஊர் வலைக்காரர்கள் "தண்ணி பச்சையா இருந்தா மீன் இருக்கு" என்பார்கள். மாமாவுக்கு இதை விளக்க எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

சாம்பல் திமிங்கலம் டிசம்பர் நடுவிலிருந்து தெற்கே போகும். அலாஸ்காவின் மேல் இருக்கும் பனிக்கடலிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா உப்பங்கழிகளுக்குக் குட்டி போடப் போகிற பயணம் அது, போகவர பதினாறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஜனவரியில் போகிற கூட்டம் அதிகம், பிப்ரவரியிலிருந்து திரும்பி வடக்கே வரும், கடைசியாகத் தாயும் குட்டியும் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வரும். கூன்முதுகுத் திமிங்கலம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை. தண்ணீரை விட்டு எம்பிக் குதிப்பது, வாலைத் தூக்கி அடிப்பது என்று நாம் படங்களில் பார்க்கிற எல்லாமே பெரும்பாலும் இதுதான், முதல் தடவை போகிறவர்களுக்கு நான் ஆகஸ்ட், செப்டம்பரைத்தான் சொல்வேன். நீலத் திமிங்கலம் ஜூலை முதல் அக்டோபர் வரை வரலாம், ஒரு வருடம் நிறைய வரும், அடுத்த வருடம் ஒன்றுகூடக் கண்ணில் படாது, அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் கொலைகாரத் திமிங்கலம் எனப்படும் ஓர்க்காக் கூட்டம் பள்ளத்தாக்கின் விளிம்பில் சாம்பல் திமிங்கலக் குட்டிகளுக்காகக் காத்திருக்கும். வேட்டை நடந்தால் மணிக்கணக்கில் நடக்கும், கடல் சிவக்கும். சின்னப் பிள்ளைகளை அந்த மாதங்களில் கூட்டிப்போவதாக இருந்தால் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

நேரம் என்றால் காலைதான், இதில் பேச்சே இல்லை. முதல் படகில் இடம் எடுங்கள். காலையில் மூடுபனி இருக்கும், பார்த்துப் பயப்படாதீர்கள், பனி இருக்கும்போது பெரும்பாலும் காற்று இருக்காது, தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். மதியத்துக்கு மேல் காற்று எழுந்தால் கடல் முழுக்க வெள்ளை நுரை, அதில் திமிங்கலத்தின் மூச்சைப் பிரித்துப் பார்க்கப் பழகிய கண் வேண்டும். முந்தின இரவு கடல் வானிலை அறிக்கையைப் பாருங்கள். அதில் அலை உயரத்தோடு ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்றும் போட்டிருப்பார்கள், அந்த எண்தான் முக்கியம். ஆறடி அலை பதினான்கு விநாடிக்கு ஒன்று வந்தால் தொட்டில் ஆட்டுவது மாதிரி. அதே ஆறடி ஏழு விநாடிக்கு ஒன்று வந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும், தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

படகு பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து கிளம்புகிறது: மான்டரே மீன்பிடித் துறை, மாஸ் லேண்டிங். பெரியவர்களோடு போனால் நான் மாஸ் லேண்டிங்கைத்தான் தேர்ந்தெடுப்பேன், பள்ளத்தாக்கு பக்கம், வாகனம் நிறுத்துவது சுலபம், துறைமுகத்திலேயே கடல் நீர்நாய் மிதந்துகொண்டிருக்கும். மான்டரேயில் பெரிய படகுகள் அதிகம், பெரிய படகு குறைவாக ஆடும், உள்ளே உட்கார இடமும் கழிப்பறையும் வசதியாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது ஒரு காரணம். எந்தப் படகாக இருந்தாலும் கடல் உயிரியல் படித்த ஒருவர் கூட வருகிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள், அவர் இருந்தால் பயணமே வேறு.

வயிறு, உடுப்பு

மாத்திரையைக் கரையிலேயே போட வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டால் அது உள்ளே தங்குவதற்குள் வெளியே வந்துவிடும். ஊரிலிருந்து வருகிறவர்கள் பேருந்துப் பயணத்துக்கென்று அவோமின் பட்டை வைத்திருப்பார்கள், இங்கே மருந்துக்கடையில் டிராமமைன், போனின் கிடைக்கும். எதுவாக இருந்தாலும் தூக்கம் வரும், வண்டி ஓட்டுகிறவர் கவனம். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையை மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் வாங்க முடியும், கண்ணில் க்ளாகோமா இருப்பவர்களுக்கும் புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கும் அது ஆகாது. நம் அப்பாக்களில் பலருக்கு இரண்டில் ஒன்று இருக்கும், கேட்காமல் ஒட்டாதீர்கள்.

வெறும் வயிற்றோடு போவதும் தப்பு, பூரி மசாலா சாப்பிட்டுவிட்டுப் போவதும் தப்பு. கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, கொஞ்சம் பொடி, எண்ணெய் குறைவாக. கையில் இஞ்சி மரப்பா, உப்பு பிஸ்கட். படகில் நடுப்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையில் நில்லுங்கள், முன்பக்கம்தான் அதிகம் குதிக்கும். உள்ளே அறைக்குள் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும், அது இன்னும் மோசமாக்கும். வெளியே நின்று தொடுவானத்தையே பாருங்கள், போனைக் குனிந்து பார்க்காதீர்கள்.

குளிரைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. ஜூலையில் சான் ஹோசேயில் வியர்த்து ஊற்றும், அதே நாள் மான்டரேயில் பதினைந்து, பதினாறு டிகிரி, கடலுக்குள் காற்றோடு சேர்ந்தால் அதைவிடக் குறைவாகத்தான் உடம்புக்குத் தெரியும். பனியன், முழுக்கை, ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத ஒரு மேலங்கி, காதை மூடும் குல்லாய். அத்தைகளும் அம்மாக்களும் புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும், உள்ளே தெர்மல் பேன்ட், காலில் சாக்ஸோடு ஷூ என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஈரமான தளத்தில் செருப்பு வழுக்கும்.

எப்படிப் பார்ப்பது

இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. டிக்கெட் எடுத்துவிட்டால் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறோம், கடலைப் பார்ப்பதற்கும் பழக வேண்டும்.

படகின் முனை பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று, பின்பக்கம் ஆறு, இடப்பக்கம் ஒன்பது. ஒலிபெருக்கியில் "இரண்டு மணி" என்று சொன்னால் முனைக்குக் கொஞ்சம் வலப்பக்கம். இதைப் படகு ஏறும் முன்பே பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து ஒத்திகை பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

திமிங்கலத்தைத் தேடாதீர்கள், அதன் மூச்சைத் தேடுங்கள். தொடுவானத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரே இடத்தை முறைக்காமல், கண்ணை மெதுவாக இடமிருந்து வலம் ஓட்டிக்கொண்டே இருந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு புகை எழுந்து ஓரிரு விநாடியில் கரையும், அதுதான். குட்டையாக, நேர்முன்னாலோ பின்னாலோ இருந்து பார்த்தால் இதய வடிவத்தில் இருந்தால் சாம்பல் திமிங்கலம். புதர் மாதிரி அகலமாக இருந்தால் கூன்முதுகு. பனைமரம் போல நெட்டையாக, முப்பதடி உயரத்துக்கு எழுந்தால் படகில் இருக்கும் எல்லோரையும் கூப்பிடுங்கள், அது நீலத் திமிங்கலம். முதுகையும் கவனியுங்கள்: கூன்முதுகுக்குச் சின்னத் துடுப்பு இருக்கும், சாம்பலுக்குத் துடுப்பே கிடையாது, வால் பக்கம் முதுகெலும்பில் வரிசையாக முடிச்சுகள் மட்டும் தெரியும்.

பறவைகள் நல்ல உளவாளிகள். கூழைக்கடாக்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தலைகுப்புற விழுகின்றன, கடற்சிங்கங்கள் கூட்டமாகத் துள்ளிக்கொண்டு ஒரே திசையில் ஓடுகின்றன என்றால் கீழே நெத்திலிப் பந்து இருக்கிறது. அடுத்த ஒரு நிமிடத்தில் அந்த இடத்தில் தண்ணீர் கொதிப்பது போலக் கலங்கி, நெத்திலிகள் மழை மாதிரி மேலே தெறித்து, நடுவில் ஒரு வாய் திறந்தபடி எழும். ஒரு செப்டம்பரில் படகிலிருந்து இதை நான் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே வரிவரியாக இருக்கும் மடிப்புகள் விரிந்து பலூன் மாதிரி உப்பின, மேல்தாடையில் நார்நாராகத் தொங்கும் பலீன் தட்டுகளில் மாட்டிய ஒரு நெத்திலியை ஒரு கடற்காகம் வந்து பிடுங்கிக்கொண்டு போனது. அதோடு ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், அழுகின முட்டைக்கோசும் மத்திக் கருவாடும் சேர்ந்த நாற்றம், திமிங்கலத்தின் மூச்சு அது. மாமா மூக்கைப் பொத்தவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "உசுரோட இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

எண்ணிப் பழகுங்கள், அது பெரிய உதவி. சாம்பல் திமிங்கலம் பொதுவாக பதினைந்து முப்பது விநாடி இடைவெளியில் மூன்று முதல் ஐந்து மூச்சு விடும், அப்புறம் வாலைத் தூக்கிக்கொண்டு ஆழமாக இறங்கினால் மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்துத்தான் மேலே வரும். வால் தெரிந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சலித்துப்போய் உள்ளே போகும் நேரத்தில் நீங்கள் சரியாக அந்தப் பக்கம் திரும்பி நிற்பீர்கள். இறங்கின இடத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு வட்டமாக இருக்கும், அதைத் திமிங்கலத்தின் காலடித்தடம் என்கிறார்கள்.

கூன்முதுகின் வாலின் அடிப்பக்கம் கறுப்பு வெள்ளையாக இருக்கும், ஒன்றின் கோலம் இன்னொன்றுக்கு வராது, நம் கைரேகை மாதிரி. வால் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று கிடைத்தால் ஹேப்பிவேல் என்ற தளத்தில் ஏற்றிவிடுங்கள், அந்தத் திமிங்கலத்தை இதற்கு முன் யார், எங்கே பார்த்தார்கள் என்று அது சொல்லும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடையாது. மற்றபடி படம் எடுப்பதில் நேரத்தைக் கொட்டாதீர்கள். முதல் இருபது நிமிடம் போனைப் பைக்குள் வைத்துவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள்.

இந்த வளைகுடா 1992 முதல் தேசியக் கடல் சரணாலயம். திமிங்கலத்திடமிருந்து நூறு கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது படகோட்டிகளுக்குத் தெரியும். "இன்னும் கொஞ்சம் பக்கம் போங்க" என்று கேட்காதீர்கள், கேட்டதும் போகிறவர் நல்ல படகோட்டி இல்லை. அவர் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால், பல நேரம் திமிங்கலமே நம் பக்கம் வருகிறது.

கரையிலேயே எவ்வளவோ இருக்கிறது

படகு வேண்டாம் என்கிறவர்களும் உண்டு, அவர்களைக் கரையில் விட்டுவிட்டுப் போவதில் தப்பில்லை. மாஸ் லேண்டிங்கிலிருந்து உள்ளே போகும் எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற ஏழு மைல் கழியில் கடல் நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. தோல் வணிகத்துக்காக வேட்டையாடி ஒழிந்தேபோயின என்று நினைத்திருந்த இந்தப் பிராணி, 1938இல் பிக் சர் பக்கம் பிக்ஸ்பி ஓடை முகத்துவாரத்தில் சுமார் ஐம்பது மிச்சம் இருப்பது வெளியே தெரிந்தது. இன்று கலிஃபோர்னியாவில் இருக்கும் சுமார் மூவாயிரமும் அந்தக் கொஞ்சத்திலிருந்து வந்தவை. மல்லாந்து மிதந்து, வயிற்றில் கல்லை வைத்து, சிப்பியை அதில் அடித்து உடைக்கும் சத்தம் "டக் டக்" என்று கரை வரைக்கும் கேட்கும். கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் போனால் ஐந்து கயாக் நீளம் தள்ளியே இருங்கள். அது தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், தாய் பயந்து மூழ்கினால் குட்டி குளிரில் தனியாகக் கிடக்கும். ஓதம் ஏறும்போது உள்ளே போங்கள், மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள், அதற்கு மேல் காற்று எதிரே அடிக்கும்.

கரையில் சீல் குட்டி தனியாகக் கிடந்தால் தூக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், மனிதர் சுற்றி நின்றால் திரும்பி வர அஞ்சும். காயம் தெரிந்தால் கடல் பாலூட்டிகளைக் காப்பாற்றும் மரைன் மம்மல் சென்டருக்கு அழையுங்கள், அவர்கள் எண்ணைப் புறப்படும் முன்பே போனில் சேமித்துவையுங்கள்.

ஃபோர்ட் ஆர்ட் மணல்மேடு

இதுவரை சொன்னதை வேறு யாரும் சொல்லியிருக்கலாம். இனிச் சொல்வதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலையை ஃபோர்ட் ஆர்ட் டியூன்ஸ் பூங்காவுக்குக் கொடுங்கள்.

நெடுஞ்சாலை 1இல் மாஸ் லேண்டிங்கிலிருந்து மான்டரே போகும் வழியில், மரினாவுக்கும் சீசைடுக்கும் நடுவே, கடல் பக்கம் நான்கு மைலுக்கு வீடும் இல்லை, விடுதியும் இல்லை, வெறும் மணல்மேடு. கலிஃபோர்னியாவில் கடலைப் பார்த்த நிலம் இப்படிச் சும்மா கிடக்காது. 1917இல் அமெரிக்க ராணுவம் இந்தப் பகுதியில் நிலம் வாங்கியது, 1940இல் ஃபோர்ட் ஆர்ட் ஆனது, 1994இல் மூடினார்கள். அதற்குள் பதினைந்து லட்சம் பேர்போல இங்கே பயிற்சி எடுத்துப் போனதாகச் சொல்கிறார்கள். இந்த மணல்மேடுகள்தான் துப்பாக்கி சுடும் பயிற்சிக்களம். கடலைப் பார்த்துச் சுடுவார்கள், கடலில் ஒரு பகுதியே படகுகள் நுழையக் கூடாத ஆபத்து வட்டமாக இருந்தது. மூடினபின் மணலிலிருந்து ஈயக் குண்டுகளை அள்ளி எடுத்துச் சுத்தம் செய்து, 2009இல் பூங்காவாகத் திறந்தார்கள். அத்தனை வருடம் வெளியார் யாரும் வீடு, விடுதி கட்ட முடியாமல் போனதால்தான் இங்கே இன்றைக்கு வெண்ணிற உப்புக்கொத்தி மணலில் முட்டையிடுகிறது, ஓர் அங்குலம்கூட இல்லாத ஸ்மித் நீலப் பட்டாம்பூச்சி தனக்கான செடியைக் கண்டுபிடிக்கிறது.

நெடுஞ்சாலையில் லைட்ஃபைட்டர் டிரைவ் என்ற பலகை வரும், அதில் இறங்கி எட்டாம் தெருப் பாலம் வழியாக வர வேண்டும். அந்தப் பெயரே இங்கே இருந்த ஏழாவது காலாட்படையின் நினைவாக வைத்ததுதான். மார்ச் முதல் செப்டம்பர் வரை உப்புக்கொத்தி முட்டையிடும் காலம், கயிறு கட்டின இடத்துக்குள் போகாதீர்கள், முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம், இழுப்பு பயங்கரம், சட்டென்று ஒரு பேரலை எழுந்து கரை வரைக்கும் வரும். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், உள்நிலத்தில் இருக்கும் ஃபோர்ட் ஆர்ட் தேசிய நினைவிடத்திலும் நடக்கலாம், அங்கே வெடிக்காத குண்டுகள் இன்னும் இருக்கும் பகுதிகளை வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், பாதையை விட்டு ஒரு அடிகூட விலகாதீர்கள்.

போன மே மாதம் மாமாவோடு அங்கே போனேன். மூடுபனி. பழைய வெடிமருந்துக் கிடங்குகள், பாதி மணலுக்குள் புதைந்த கான்கிரீட் வாசல்கள், வரிசையாகத் தெரிந்தன. மாமா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 1974இல் சேர்ந்து, வெல்லிங்டனில் பயிற்சி எடுத்து, சுபேதாராக ஓய்வு பெற்றவர். "மாப்ளே, இது வெல்லிங்டன் பனில்லா" என்று சொல்லிக்கொண்டே என்னைவிட வேகமாக மேடு ஏறினார். மேலே ஓர் இருக்கையில், ராணுவத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார். மாமா நேராகப் போய் நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தன் படைப்பிரிவின் பெயரைச் சொன்னார். அவர் எழுந்து கை கொடுத்தார்.

1968இல் அங்கே அடிப்படைப் பயிற்சி எடுத்தவராம், அது முடிந்து அடுத்த பயிற்சிக்குப் போய், வருடக் கடைசியில் வியட்நாம். எந்தத் துப்பாக்கி என்று மாமா கேட்டார். எம்-14 என்றார். மாமா எஸ்எல்ஆர் என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "7.62" என்றார்கள், ஒரே தோட்டா. அதற்கப்புறம் அவர்களுக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பூட்ஸுக்குள் மணல், பொழுது விடியும் முன் ஓட்டம், விரல் விறைத்து தோட்டா போட முடியாமல் திட்டு வாங்கியது. கரையோரம் ஸ்டில்வெல் ஹால் என்று பெரிய மாளிகை மாதிரி ஒரு மனமகிழ் மன்றம் இருந்ததாம், ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்களாம், கடல் அரித்து அரித்து அடிமண் போனதால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டார்கள். எங்கே இருந்தது என்று கை காட்டினார், அங்கே இப்போது வெறும் காற்று. ஸ்டில்வெல் என்ற பெயரைக் கேட்டதும் மாமா, "லெடோ ரோடு ஸ்டில்வெல்லா?" என்று கேட்டார். அசாமில் இருந்தபோது அந்தச் சாலையில் வண்டி ஓட்டியிருக்கிறார். ஆமாம், அதே ஜெனரல்தான். பர்மா போர்முனைக்குப் போகும் முன் இங்கேதான் ஏழாவது படைப்பிரிவுக்குத் தலைவராக இருந்தார்.

இப்படிப் பழைய சிப்பாய்கள் அங்கே அடிக்கடி வருகிறார்கள். பேசுவதாக இருந்தால் "போரில் என்ன பார்த்தீர்கள்" என்று தொடங்காதீர்கள். எந்த வருடம் இங்கே இருந்தீர்கள், எந்த இடத்தில் படுத்துச் சுட்டீர்கள் என்று கேளுங்கள், இடத்தைக் கேட்டால் நினைவு தானாக வரும். பேச விருப்பமில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நாங்கள் எதுவும் கேட்காமலே அவர் ஒன்று சொன்னார். ஒரு காலை சுட்டுக்கொண்டிருக்கும்போது நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்ததாம். மீன்பிடிப் படகு எதுவும் வட்டத்துக்குள் வந்துவிட்டால் நிறுத்துவது வழக்கம். எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தபடியே பார்த்தார்கள், படகு எதுவும் இல்லை, அலை உடையும் இடத்துக்குக் கொஞ்சம் அப்பால் ஒரு தாய்த் திமிங்கலமும் குட்டியும் வடக்கே போய்க்கொண்டிருந்தன. எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும் சார்ஜென்ட் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லையாம். பக்கத்தில் படுத்திருந்தவன் நெப்ராஸ்காக்காரன், கடலையே அந்த மாதம்தான் முதன்முதலில் பார்த்தவன். அவன் திரும்பி வரவில்லை என்றார். சொல்லிவிட்டு பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

ஓர்க்காவுக்குப் பயந்து தாயும் குட்டியும் வளைகுடாவைக் குறுக்கே கடக்காமல் கரையை ஒட்டியே வரும், அதனால் மே மாதத்தில் படகே இல்லாமல் இந்த மேட்டிலிருந்து பார்க்க முடியும். பத்தரை மணி வாக்கில் பனி மெல்ல விலகியதும், அலைக்கு அப்பால் குட்டையாக ஒரு மூச்சு, அதை ஒட்டி அதில் பாதி உயரத்தில் இன்னொன்று. மாமா தன் பழைய எச்எம்டி கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு விநாடி எண்ணத் தொடங்கினார். குட்டி இருந்தால் தாய் அதிக நேரம் மூழ்கி இருக்காது என்றார் அந்தப் பெரியவர். "அங்கே" என்று மாமா கை நீட்டிய இடத்துக்கு ஓர் ஆள் உயரம் வடக்கே தள்ளி இரண்டு மூச்சும் மறுபடி எழுந்தன. பைனாகுலர் கை மாறியது. வடக்கே மாஸ் லேண்டிங் புகைக்கூண்டுகள் இருக்கும் பக்கமாக அவை போய் மறையும் வரைக்கும், முக்கால் மணி நேரம், இரண்டு பேரும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.